லைன் இல்லையா? எது இல்லை என்று முதலில் பாருங்கள்



கணினி பற்றி ஒரு பாடம் எழுதித் தரச் சொல்லிக் கிளையில் கேட்டார்கள். செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்று ஏதாவது பெரிசா எழுதுவான்னு எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது அதைவிடச் சின்ன விஷயம். மடிக்கணினியில் வைஃபை வரவில்லை என்றால் என்ன செய்வது? பொறியியல் படிக்கிறேன் என்று தெரிந்த நாள் முதல், ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். "தம்பி, லேப்டாப்புல லைன் வரமாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாக்குறியா?" லிஃப்டில் கேட்பார்கள், மாடிப்படியில் கேட்பார்கள், சந்தையில் மீன் வாங்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

சின்ன விஷயம்தான், ஆனால் சும்மா இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பம், பி.டி.பி.டி.என். கடனுதவி, கல்லூரிப் பாடம், வேலைக்கான நேர்முகத் தேர்வு எல்லாமே இப்போது இணையம் வழிதான். கடைசித் தேதி நமக்காக ஒரு நாள்கூட நிற்காது. 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த நேரம், சபா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி லைன் கிடைப்பதற்காக மரத்தில் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதினார். நாடே பார்த்தது. அவர் கிராமத்தில் அலை சரியாகக் கிடைக்கவில்லை. நம் கதை வேறு. நம் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, ரவுட்டர் இருக்கிறது, மாதாமாதம் பில்லும் கட்டுகிறோம். ஆனால் நடுவில் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும். அது எந்தக் கண்ணி என்று பார்க்காமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். "மெயின்போர்டு போச்சு" என்று அங்கே யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம்.

'லைன் இல்ல' என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. 'வயிறு சரியில்ல' என்று சொல்வது மாதிரி. டாக்டரிடம் போய் அப்படிச் சொன்னால் உடனே மருந்து எழுதுவாரா? எங்கே வலி, எப்போதிருந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

உங்கள் மடிக்கணினியிலிருந்து ஓர் இணையப் பக்கம் வரைக்கும் உள்ள வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்குள்ளே ஒரு வைஃபை அட்டை இருக்கிறது. அது காற்றில் ரவுட்டரோடு பேசுகிறது. ரவுட்டர் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ரவுட்டரிலிருந்து ஃபைபர் வழியே சேவை நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து உலகத்துக்கு. கடைசியாக, நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்க ஒருவர் வேண்டும். இவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் நின்றுபோனாலும் நம் வாயில் வருவது 'லைன் இல்ல' மட்டும்தான்.

இதுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?

முதல் கேள்வி இது. வீட்டில் உள்ள கைப்பேசியை எடுத்து அதே வைஃபையில் ஏதாவது திறந்து பாருங்கள். ஆனால் அதற்கு முன் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. வைஃபை செத்துக் கிடந்தாலும் கைப்பேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிவிடும், யூடியூப் ஓடும். "ஃபோன்ல வருதே, லேப்டாப்புலதான் வரல" என்று ஒரு மணி நேரம் மடிக்கணினியைப் போட்டுக் குடைவோம். குற்றம் ரவுட்டரில் இருக்கும்.

எல்லாக் கருவிகளிலும் இல்லை என்றால் மடிக்கணினியைத் தொடவே வேண்டாம். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். கேபிள் மடங்கியிருக்கலாம், எங்கோ அறுந்திருக்கலாம். சேவை நிறுவனத்துக்குத்தான் அழைக்க வேண்டும். சிவப்பு இல்லை என்றால் ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். ஐந்து நிமிடமாவது பொறுத்திருங்கள்.

ரவுட்டருக்குப் பின்னால் ஊசி போடும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் குத்தினால் 'ரீசெட்' ஆகும். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பல இணைப்புகளில் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள்ளேதான் பதிவாகியிருக்கும். ரீசெட் செய்தால் அதுவும் அழிந்துபோகும். பிறகு டெக்னீஷியன் வரும்வரை வீடு முழுக்க இருட்டு. அந்த ஓட்டையைத் தம்பிகள் யாரும் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே கேபிள் என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. இணையம் ஆகாயத்தில் மிதந்து வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கடலுக்கடியில் வருகிறது. பினாங்கில் கரையேறும் கடலடிக் கேபிள்கள் உண்டு. இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. மதராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடித் தந்திக் கம்பி 1871-லேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நம் முன்னோர் கப்பலில் நாட்கணக்கில் வந்த அதே கடல். வைஃபை என்பது இந்தப் பெரிய பாதையின் கடைசிச் சில மீட்டர் மட்டும்தான். சரி, வீட்டுக்குள் வருவோம்.

மடிக்கணினிக்கு மட்டும்தான் இல்லையா?

அப்படியானால் திரையின் வலது மூலையில் உள்ள வைஃபை குறியைத் தட்டுங்கள். என்ன தெரிகிறது? பதில் மூன்று விதமாக இருக்கும். குறியே இல்லை, மற்றவர்கள் பெயரெல்லாம் தெரிகிறது, நம் பெயர் இல்லை, நம் பெயர் இருக்கிறது, ஆனால் சேர முடியவில்லை, அல்லது சேர்ந்தும் இணையம் இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

குறியே இல்லையென்றால் முதலில் ஏரோப்ளேன் மோடு பாருங்கள். சில மடிக்கணினிகளில் விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானம் அல்லது அலை படம் போட்ட விசை இருக்கும், கை தவறிப் பட்டாலே வைஃபை அணைந்துவிடும். பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச்சே உண்டு.

அடுத்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' இல்லை. என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10-லும் 11-லும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது கணினி உள்ளே இருந்த நிலையில் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கும், மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழும். கோளாறும் கூடவே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். "நேத்து ராத்திரியே ஆஃப் பண்ணி வச்சேனே" என்று சொல்பவர்களிடம் நான் கொடுக்கும் விளக்கம் இதுதான்.

அதற்கும் வரவில்லையா? ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற இடத்தை விரியுங்கள். அங்கே உங்கள் வைஃபை அட்டையின் பெயர் இருக்கும். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் என்று ஏதாவது ஒன்று. (இன்டெல் என்று இருந்தால் நமக்கு ஒரு சின்னப் பெருமை. அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனம் தொடங்கிய முதல் ஆலை 1972-ல் பினாங்கில்தான். ஜெலுத்தோங்கிலிருந்து லெபுராயாவில் தெற்கே போனால் பாயான் லெப்பாஸ்.) பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் மென்பொருளில் கோளாறு. கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், வலது சொடுக்கில் 'எனேபிள்' கொடுத்தால் போதும். பெயரே இல்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டுப் பிறகு தொடங்குங்கள். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் தூங்கிப்போன அட்டை இதில் விழித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதற்குப் பிறகும் பெயர் வரவில்லை என்றால்தான் அட்டை செத்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

பதினாலு பேர் தெரியுது, நம்ம பேர் தெரியல

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் மாடியில் இருக்கும் ஓர் ஆண்ட்டி வந்தார். மகள் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு யு.பி.யு. விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் மூடுவதற்கு இரண்டு நாள் பாக்கி. அண்ணன் பயன்படுத்திய ஏழெட்டு வருஷப் பழைய மடிக்கணினி. நேற்று வரை ஓடியது, இன்று வைஃபை இல்லை. கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "வைஃபை சிப் போச்சு, போர்டோட மாத்தணும், 380 ரிங்கிட்" என்று சொல்லிவிட்டார்கள். ஆண்ட்டி கேட்டது இதுதான்: "380 போட்டு இதையே செய்யலாமா தம்பி, இல்ல கடன வாங்கியாவது புதுசு எடுத்துடலாமா?"

வீட்டுக்குப் போய் வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தேன். பக்கத்து வீடு, மேல் மாடி, எதிர் பிளாக் என்று பதினாலு பெயர்கள். அவர்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை.

இந்தப் பட்டியல் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். ஒவ்வொரு ரவுட்டரும் வினாடிக்குச் சுமார் பத்து முறை "நான் இருக்கேன், என் பேர் இது, நான் பேசற முறை இது" என்று ஓர் அறிவிப்பை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். மடிக்கணினி காது கொடுத்துக் கேட்டு, கேட்டதையெல்லாம் வரிசையாக எழுதிக் காட்டுகிறது. அவ்வளவுதான் அந்தப் பட்டியல். பதினாலு பேர் சத்தம் கேட்கிற காது எப்படிச் செத்த காதாக இருக்கும்? சிப் போகவில்லை என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

உறுதி செய்ய, என் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டேன். உடனே சேர்ந்தது, இணையமும் வந்தது. நான் டிரைவரைத் தேடப் போகவில்லை. "மொதல்ல விண்ணப்பத்த அனுப்பு தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் அனுப்பி, ஒப்புகைப் பக்கத்தையும் சேமித்து வைத்தாள். கடைசித் தேதி நெருங்கும்போது வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும். அவசர வேலை முதலில், ரிப்பேர் அப்புறம்.

பிறகுதான் கேட்டேன், "வீட்டுல ஏதாச்சும் புதுசா மாத்தினீங்களா?" முந்தின நாள் இணையத் திட்டத்தை உயர்த்தியிருக்கிறார்கள். டெக்னீஷியன் வந்து புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வைஃபை 6 வகை. விஷயம் அங்கேதான். சில பழைய அட்டைகளுக்குப் பழைய டிரைவர் இருந்தால், வைஃபை 6 ரவுட்டரின் அறிவிப்பில் உள்ள புது வாசகங்கள் அதற்குப் புரியாது. புரியாத அறிவிப்பைத் தூக்கிப் போட்டுவிடும். பட்டியலில் பெயரே வராது. பழைய ரவுட்டர்களின் பெயரெல்லாம் வரும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அங்கேயும் புது வகை ரவுட்டர் இருந்திருக்கலாம், தங்கள் வைஃபை தெரியவில்லை என்றதும் சிப் போச்சு என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் பட்டியலில் வேறு யாராவது தெரிகிறார்களா என்று பார்க்க ஐந்து வினாடி போதும். 380 ரிங்கிட் அந்த வீட்டில் ஒரு மாத மளிகை.

இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? இங்கே ஒரு வழி இருக்கிறது, இதை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்ட் கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளால் மடிக்கணினியில் செருகி, கைப்பேசியின் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்துவிடுங்கள். கைப்பேசியே மடிக்கணினிக்கு வைஃபை அட்டை மாதிரி வேலை செய்யும். பல கைப்பேசிகளில் வீட்டு வைஃபையில் இருந்தபடியே இதைச் செய்யலாம், டேட்டா செலவாகாது. மடிக்கணினியின் வைஃபை முழுக்கச் செத்திருந்தாலும் இந்த வழி ஓடும். அப்படி இணைத்து, அட்டையின் மாடல் எண்ணைப் பார்த்து, மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டோம். ரீஸ்டார்ட் ஆனதும் வீட்டு வைஃபை பெயர் முதல் வரியில் வந்து நின்றது. டிரைவரை எப்போதும் தயாரிப்பாளர் பக்கத்திலிருந்தே எடுங்கள். 'இலவச டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருவதைத் தொட வேண்டாம். அதோடு என்னென்ன உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது.

நம் பெயர் மட்டும் தெரியாமல் போக இன்னும் சில காரணங்கள் உண்டு. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் 2.4 மட்டும் கேட்கத் தெரிந்த பழைய நெட்புக்குக்கு அது கேட்காது. 2.4-ல் 12 அல்லது 13-ஆவது அலைவரிசையில் ரவுட்டர் இருந்தால், அமெரிக்காவுக்கென்று அமைக்கப்பட்ட சில மடிக்கணினிகள் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அங்கே பொதுவாக 11 வரைதான். உறவினர் அங்கிருந்து வாங்கி வந்த கணினி என்றால் இதை நினைவில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சில அலைவரிசைகளை ரேடாரும் பயன்படுத்துகிறது. அவற்றில் பேசத் தொடங்கும் முன் ரவுட்டர் ஒரு நிமிடமாவது வாயை மூடிக்கொண்டு ரேடார் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. ரவுட்டரை அணைத்துப் போட்டவுடன் 5ஜி என்று முடியும் பெயர் வரவில்லை என்று பதறாதீர்கள். வரும்.

பெயர் இருக்கு, உள்ளே விடமாட்டேங்குது

இதில் பாதி கடவுச்சொல்தான். பெரிய ஓ-வா பூஜ்யமா, சின்ன எல்-லா ஒன்றா? ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தால் மடிக்கணினி பழையதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரில் வலது சொடுக்கு செய்து 'ஃபர்கெட்' கொடுத்து, புதிதாகச் சேருங்கள்.

சொல் சரியாக இருந்தும் விடவில்லை என்றால், ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யு.பி.ஏ.3 மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கலாம். பழைய அட்டைக்கு அது தெரியாது. டபிள்யு.பி.ஏ.2-உம் 3-உம் கலந்த முறை ஒன்று அமைப்பில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பே வேண்டாம் என்று திறந்துவிடுவது மட்டும் கூடாது. பிளாட்டில் அது வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது மாதிரி.

சேர்ந்தாச்சு, ஆனா இணையம் இல்ல

எனக்குப் பிடித்த பகுதி இது. ஏனென்றால் மூன்று கேள்வியில் குற்றம் எங்கே என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஸ்டார்ட்டில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். பயப்பட வேண்டாம், இதில் நாம் பார்க்கத்தான் போகிறோம், எதையும் மாற்றப் போவதில்லை. 'ஐபிகன்ஃபிக்' என்று, அதாவது ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டுங்கள். வைஃபை என்ற தலைப்பின் கீழ் ஐ.பி.வி.4 முகவரி இருக்கும்.

அது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டர் முறைப்படி எண் கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை. மடிக்கணினி கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராமல், தனக்குத்தானே ஓர் எண் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், வைஃபையை ஃபர்கெட் செய்து சேருங்கள். யாராவது முன்பு அந்தக் கணினியில் கையால் எண் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டாம் கை மடிக்கணினியில் இது நடக்கும்.

எண் சரியாக இருந்தால், அதே இடத்தில் 'டிஃபால்ட் கேட்வே' என்று இன்னோர் எண் இருக்கும். அது ரவுட்டரின் முகவரி, உதாரணமாக 192.168.0.1. இப்போது பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போடுங்கள். இது வேறொன்றுமில்லை, "இருக்கியா?" என்று குரல் கொடுத்து, "இருக்கேன்" என்று பதில் வருகிறதா என்று பார்ப்பது. 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய குட்டி நிரல். நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியை நினைத்து அந்தப் பெயர் வைத்தார். நாற்பது வருஷம் தாண்டியும் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் இன்றும் இதைத்தான் முதலில் தட்டுகிறோம்.

ரவுட்டர் பதில் சொன்னால் காற்றுவழி சரி. அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுளின் பொது முகவரி, வீட்டுக்கு வெளியே உள்ளது. இதற்கும் பதில் வந்தால் உங்கள் ஃபைபர், சேவை நிறுவனம், வெளியுலகம் எல்லாம் சரி. அப்படியும் இணையப் பக்கம் திறக்கவில்லையா? மிச்சம் இருப்பது பெயரை எண்ணாக மாற்றும் வேலை. அதைச் செய்வது டி.என்.எஸ். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இந்த முறையை வகுத்தார். தொலைபேசிப் புத்தகம் மாதிரி. புத்தகம் தொலைந்துபோனால் தொலைபேசி நன்றாக இருந்தும் யாரையும் அழைக்க முடியாது இல்லையா, அதே நிலைதான்.

செட்டிங்ஸில் வைஃபை இணைப்பின் பண்புகளுக்குள் போய், டி.என்.எஸ். இடத்தில் கையால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் இந்தப் பெயர் நிறைய பேருக்குத் தெரிய வந்தது 2024 செப்டம்பரில்தான். இப்படி வெளி டி.என்.எஸ்.-களுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டு சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்த டி.என்.எஸ்.-க்குத் திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் சொன்னது. பொதுமக்களிடம் எதிர்ப்பு கிளம்பியதும், அதை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்று தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் செப்டம்பர் 8-ஆம் தேதி அறிவித்தார். எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரை. டி.என்.எஸ். என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தியே புரிந்தது.

இரண்டு பிங்கும் சரி, ஆனால் பக்கம் மட்டும் 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டுகிறது என்றால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினியில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி இன்னும் 2015-ல் இருப்பதாக நினைத்தால், இன்றைய சான்றிதழ் அதற்குப் போலியாகத் தெரியும். வளாகத்தில் எடுரோம் வைஃபை சேராமல் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எப்போதோ போட்ட வி.பி.என். இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பேரங்காடி, விமான நிலைய வைஃபை என்றால் அங்கே ஒரு நுழைவுப் பக்கம் வர வேண்டும், அது வராதவரை சேர்ந்திருந்தும் இணையம் இருக்காது.

பிளாட்டில் இருப்பவர்களுக்கு

சேர்கிறது, இணையமும் வருகிறது, ஆனால் விட்டு விட்டுப் போகிறது என்பது ஜெலுத்தோங் மாதிரி நெருக்கமான இடங்களில் நிறைய. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஒரு மாடியில் பத்து வீடு, பத்து ரவுட்டர். வைஃபையில் ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள். அது சுவரைத் தாண்ட வலு குறைந்தது, அதனால் பக்கத்து வீட்டுச் சத்தமும் குறைவாகவே வரும். பிளாட்டில் அந்தக் குறையே நமக்கு லாபம்.

ரவுட்டர் எங்கே வைக்கிறோம் என்பதும் உண்டு. தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தண்ணீர் இந்த அலையை நன்றாகக் குடிக்கும். ஒரு வீட்டில் சாமி மேடைக்குக் கீழே பித்தளைத் தாம்பாளங்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். "அங்கதான் பிளக் இருந்துச்சு" என்றார்கள். நீள ஒயர் ஒன்று வாங்கி அலமாரி மேல் ஏற்றினோம், அறைக்குள் லைன் வந்துவிட்டது.

மடிக்கணினி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மட்டும் துண்டிக்கிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போவதென்றால்

இவ்வளவும் பார்த்து, டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பெயரே வரவில்லை, டெதரிங்கில் இணையம் நன்றாக வருகிறது என்றால், அட்டை போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் மெயின்போர்டு மாற்ற வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை அட்டை ஒரு திருகாணியில் நிற்கும் சின்னத் தனி அட்டை. கழற்றி வேறு போடலாம். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் மட்டும் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவுள்ள யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகினால் போதும்.

கடையில் "லைன் இல்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "டிவைஸ் மேனேஜர்ல அடாப்டர் பேர் வரல, டெதரிங் வேலை செய்யுது, டிரைவர் போட்டுப் பாத்தாச்சு" என்று சொல்லுங்கள். பேச்சே மாறிவிடும். என்ன பாகம் மாற்றப் போகிறார்கள், அதன் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய அட்டையையும் கேட்டு வாங்குங்கள். ஃபார்மட் பண்ணணும் என்றால், அட்டை மாற்றுவதற்கு ஃபார்மட் தேவையே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். வேறு காரணத்துக்காகச் செய்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் பாடக் கோப்புகள், சான்றிதழ் படங்கள், அம்மா அப்பா கல்யாணப் படங்கள் எல்லாம் வேறோர் இடத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே திறந்து பார்த்த பிறகு கணினியைக் கொடுங்கள்.